பெருநகரில் பாலில்லாப் பந்தி

பிற மாநிலத்தில் குடியேறி வாழும் தமிழர் இல்லத்திற்கு ஊரிலிருந்து விருந்தினர் வருகின்றனர் என்றால், முதலில் எழுவது உணவைப் பற்றிய கேள்வியே. மும்பையைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு நம் முன்னோர் எப்பொழுதோ விடை கண்டுவிட்டனர். மாதுங்காவிலும் செம்பூரிலும் இட்டிலிக்கும் காப்பிக்கும் என்றும் குறைவில்லை. இலை போட்டுச் சோறு படைக்கும் விடுதிகளும் உண்டு. புலால் உண்ணாதவர் பசியோடு திரும்பவேண்டிய நகரம் அன்று இது. இந்த நம்பிக்கையோடுதான் நாமும் இருந்தோம், நம் தமக்கையின் மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கும் வரையில்.

ஒரு தேர்வின் பொருட்டு ஐந்து நாட்கள் நம்முடன் தங்க வந்தவள் அவள். முதல் நாள் இரவு இலையில் தயிர்ச் சோறு விழும் வேளையில், "மாமா, நான் பாலை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. தயிர், மோர், நெய் எதுவும் சேர்ப்பதில்லை. எனக்காக நீங்கள் சிரமப்பட வேண்டாம், இரண்டு வாழைப்பழம் இருந்தால் போதும்" என்றாள். நமக்குச் சிறிது சினம் வந்தது என்பதை மறைப்பானேன்? மோர் வேண்டாம் என்று சொல்லும் தமிழ்ப் பெண்ணை நாம் அதுவரை கண்டதில்லை. "இது என்ன புது வழக்கம்?" என்று கேட்டுவிட்டு எழுந்தோம்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் காலையிலேயே புறப்பட்டுப் போனாள். வெளியில் எதைக் கேட்டாலும் அதில் நெய்யோ வெண்ணெயோ இருக்கும் என்று அஞ்சி, பழத்தையும் வறுத்த கடலையையும் தின்று பொழுதைக் கழித்திருக்கிறாள். இரண்டாம் நாள் மாலை தலை சுற்றி, ரயில் நிலையத்துப் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து வந்ததாகப் பிறகு தெரிந்தது. விருந்தாக வந்தவள் பசித்திருக்க நாம் வயிறார உண்டோம் என்ற எண்ணம் நம்மை உறங்கவிடவில்லை. எஞ்சிய நாட்களில் அவளை அழைத்துக்கொண்டு நகரத்தில் நாம் தேடிக் கண்டவற்றையே இங்கே கூறப்போகிறோம். நேயர்கள் வாழும் நகரம் வேறாயினும் வழி ஏறக்குறைய ஒன்றே.

முதலில், இவ்வழக்கம் யாது என்று தெளிவோம். புலாலும் முட்டையும் மட்டுமன்றிப் பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கி உண்பதைத் தமிழில் இந்நாளில் நனிசைவம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் வீகன் என்னும் சொல் 1944-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோன்றியது. டொனால்டு வாட்சனும் அவர் நண்பர் சிலரும் அவ்வாண்டில் அப்பெயரால் ஒரு சங்கம் கண்டனர். எனினும் இதை மேனாட்டு மோகம் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. இதே மும்பையில், காம்தேவிப் பகுதியிலுள்ள மணிபவனத்தில், 1917 முதல் 1934 வரை காந்தியடிகள் வந்து தங்குவது வழக்கம். அவர் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்தபோதே, 1912-ஆம் ஆண்டில், பாலைக் கைவிடுவதென உறுதி பூண்டவர். கறவை மாடுகள் படும் வதையைப் பற்றிப் படித்தறிந்தது அதற்கு ஒரு காரணம். பின்னர் நோயால் நலிந்து 1919-இல் ஆட்டுப்பாலை ஏற்றுக்கொண்டார். அதற்காகத் தம் மனம் வருந்தியதையும் தம் வரலாற்றில் மறைக்காமல் எழுதிவைத்தார். ஆகவே நம் வீட்டு இளையோர் ஒருவர் இதே எண்ணத்தைச் சொன்னால், கேலி செய்யாமல் கேட்பதே முறை.

பாலை விலக்குவோர் யாவரும் ஒரே காரணத்தால் விலக்குவதில்லை. மனச்சான்றின் பொருட்டு விலக்குவோர் ஒரு சாரார். பாலிலுள்ள புரதமே உடலுக்கு ஒவ்வாத குழந்தைகளும் பெரியோரும் மற்றொரு சாரார். இவர்களுக்குச் சிறிதளவு நெய்யும் தீங்காகலாம், வெண்ணெய் தடவிய தோசைக்கல்லும் ஆபத்தாகலாம். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க இயலாதவர் மூன்றாம் சாரார். நெய்யில் அச்சர்க்கரை மிகச் சிறிதே எஞ்சியிருப்பதால் இவர்களுட் பலருக்கு நெய் தொல்லை தருவதில்லை. விருந்தினர் எந்தச் சாராரைச் சேர்ந்தவர் என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து, கடைகளின் முகப்பிலும் பொட்டலங்களிலும் காணும் அடையாளங்களைப் பார்ப்போம். இவற்றால் ஏமாறுவோர் பலர். பொட்டலத்தின்மேல் சதுரத்துள் இருக்கும் பச்சைப் புள்ளி, புலாலும் முட்டையும் இல்லை என்பதை மட்டுமே காட்டும். பாலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. விடுதியின் பலகையில் காணும் "சுத்த சைவம்" என்னும் சொல்லுக்கும் அவ்வளவே பொருள். "ஜைன உணவு" என்றால் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு முதலிய கிழங்கு வகைகள் இல்லை என்று பொருள். பாலுக்கு அங்கே தடையில்லை. மராட்டியர் "உபவாஸ்" என்று விற்கும் விரத உணவும் அத்தகையதே. வேர்க்கடலைப் பொடி தூவிய ஜவ்வரிசிக் கிச்சடி பார்வைக்குப் பாலின் தொடர்பற்றதாகத் தோன்றும். ஆனால் பெரும்பாலும் அது நெய்யில் கிளறப்பட்டது.

நனிசைவ உணவுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ஆம் ஆண்டில் தனி விதிகளை வெளியிட்டது. அதன்படி, பச்சை நிறத்தில் ஆங்கில எழுத்தான 'வி'யும் ஓர் இலையும் அமைந்த தனி முத்திரை உண்டு. அம்முத்திரை இல்லாத பொட்டலங்களில், சேர்க்கப்பட்ட பொருள்களின் பட்டியலை அடுத்து, ஒவ்வாமை தரக்கூடியவை இன்னின்னவை என்று அச்சிட்டிருப்பார்கள். பால் கலந்திருந்தால் அங்கே அது குறிப்பிடப்பட வேண்டும். பிஸ்கட்டுகளை வாங்கும்போது இவ்வரியைப் படிப்பது நன்று. பாலின் பெயரே இல்லாத பிஸ்கட்டிலும் பால் பொடி கலந்திருப்பது உண்டு.

ஆனால் விடுதிச் சமையலுக்குப் பட்டியல் ஏது? அங்கே பால் ஒளிந்திருக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, மாவு பிசையும் இடம். நானுக்கும் பட்டூராவுக்கும் தயிரோ பாலோ சேர்த்துப் பிசைவது வழக்கம். இரண்டாவது, தாளிக்கும் இடம். பருப்பை எண்ணெயிலும் தாளிக்கலாம், நெய்யிலும் தாளிக்கலாம். கண்ணால் பார்த்து இன்னதென்று சொல்ல முடியாது. மூன்றாவது, பரிமாறும் இடம். ரொட்டியின்மேல் தடவுவது, குழம்பின்மேல் ஊற்றுவது, சோற்றின் உச்சியில் ஒரு கரண்டி விடுவது எல்லாம் சமையல் முடிந்தபின் அன்போடு நடப்பவை. பெரும்பாலான தவறுகள் இந்த மூன்றாம் இடத்தில்தான் நிகழ்கின்றன.

நாமே ஒருமுறை ஏமாந்தோம். வட இந்திய முறையில் சமைக்கும் ஒரு விடுதியில், "இதில் பால் உண்டா?" என்று வினவினோம். "இல்லை" என்றார் பரிமாறுபவர். பருப்பு வந்தது, வாயருகே கொண்டுபோனதும் நெய் மணத்தது. கேட்டபொழுது, "நீங்கள் பாலைத்தானே கேட்டீர்கள்?" என்றார். அவர்மீது குற்றமில்லை. அவர் மொழியில் பால் வேறு, நெய் வேறு. கேள்வியைச் சரியாகக் கேளாதது நம் பிழையே. அன்று முதல் ஒவ்வொரு பொருளையும் அதனதன் பெயரால் சொல்லிக் கேட்கத் தொடங்கினோம்.

மராட்டியில் நெய்க்குத் "தூப்" என்று பெயர், பாலுக்குத் "தூத்". இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிப்பதால் நிதானமாகச் சொல்ல வேண்டும். வெண்ணெய் "லோணி", தயிர் "தஹீ", மோர் "தாக்". "தூப் காலூ நகா" என்றால் நெய் ஊற்றாதீர்கள் என்று பொருள். "தூத், தஹீ, தூப், லோணி, காஹீ நகோ" என்றால் இவற்றில் எதுவும் வேண்டாம் என்றாகும். இந்தியில் நெய்க்குக் "கீ", வெண்ணெய்க்கு "மக்கன்". "தேல் மே பனாயியே" என்றால் எண்ணெயில் செய்யுங்கள் என்று பொருள். "வீகன்" என்னும் சொல்லைச் சொல்லி நிற்பதைவிட இச்சிறு வாக்கியங்கள் பன்மடங்கு பயன் தரும். உச்சிவேளைக் கூட்டத்தில் கேட்டால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள்; சற்று முன்னதாகவோ பின்னதாகவோ சென்று, அமைதியாகக் கேட்டால் உள்ளே சென்று விசாரித்துவந்து சொல்வார்கள்.

இனி உண்ணும் பண்டங்களுக்கு வருவோம். நாம் முதலில் தேடியது பெரிய விடுதிகளில். அங்கே விலை ஏற ஏற வெண்ணெயும் பாலாடையும் பனீரும் ஏறுவதைக் கண்டோம். பிறகுதான் உண்மை புலப்பட்டது: நெய் செல்வத்தின் அடையாளம், ஆகையால் பாலில்லா உணவைத் தேடுவோர் உழைப்பாளிகள் உண்ணும் இடத்துக்குச் செல்ல வேண்டும். அவர்கள் கொள்கைக்காக நெய்யை விலக்கியவர்கள் அல்லர். நெய் கட்டுப்படியாகாததால் எண்ணெயையும் வேர்க்கடலையையும் தேங்காயையும் கொண்டே சுவை கண்டவர்கள். அச்சுவை எவ்வகையிலும் குறைந்ததன்று.

மராட்டியத்தின் மேட்டு நிலத்தில் விளைவன சோளமும் கம்பும் வேர்க்கடலையும். சோள மாவை வெந்நீரில் பிசைந்து கையால் தட்டிச் சுடும் "பாக்ரி"யும், கடலை மாவில் வெங்காயமும் மிளகாயும் சேர்த்து எண்ணெயில் கிளறும் "சுண்கா"வும் அந்நாட்டு உழவரின் உணவு. 1995-இல் பதவியேற்ற மாநில அரசு, இவ்விரண்டையும் ஒரு ரூபாய்க்கு வழங்கும் கடைகளைத் திறந்தது. அத்திட்டம் பின்னர் நின்றுபோயிற்று. ஆயினும் மராட்டிய உணவு விடுதிகளில் இவ்வுணவு இன்றும் கிடைக்கும். தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகாயில் இடித்த "டேச்சா"வும், வேர்க்கடலைப் பொடி அடைத்த கத்தரிக்காயும் வரும். பாக்ரியின்மேல் வெண்ணெய் உருண்டை வைத்துத் தருவது சில இடங்களில் வழக்கமாதலால், "லோணி நகோ" என்று முன்னரே சொல்லிவிட வேண்டும்.

பரேல், லால்பாக் பகுதிகளில் பஞ்சாலைகள் ஓடிய காலத்தில், குடும்பத்தை ஊரில் விட்டுவந்த தொழிலாளருக்குச் சோறிட்டவர்கள் "கானாவள்" நடத்திய பெண்கள். தம் வீட்டு அடுப்பிலேயே பலருக்குச் சமைத்துப் போட்ட அவர்களை ஒன்று சேர்த்து, 1975-இல் பிரேமா புரவ் என்னும் அம்மையார் அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கினார். ஆலைகள் மறைந்தன, ஆனால் ஆலைத் தொழிலாளர் உண்ட பண்டங்கள் மறையவில்லை. முளைகட்டிய நரிப்பயற்றைக் காரக் குழம்பில் இட்டு, மேலே காராபூந்தி, ஓமப்பொடி வகைகளும் வெங்காயமும் தூவி, எலுமிச்சை பிழிந்து, பாவ் ரொட்டியுடன் தரும் "மிசள்" அவற்றுள் ஒன்று. தயிரைச் சேர்க்காமல் வாங்கினால் அதில் பாலின் தொடர்பு இராது. நம் மருமகள் வயிறார உண்டது முதன்முதலில் இதைத்தான். தட்டைக் காலிசெய்துவிட்டு, "இன்னொன்று சொல்லலாமா, மாமா?" என்று அவள் கேட்டபோது நம் நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது.

வடா பாவைப் பற்றிச் சொல்லாமல் மும்பையைப் பற்றிப் பேசுதல் இயலாது. 1966-இல் தாதர் ரயில் நிலையத்தின் அருகே அசோக் வைத்யா என்பவர் இதைத் தொடங்கினார் என்பது பரவலாக வழங்கும் செய்தி. மசித்த உருளைக்கிழங்கைக் கடலை மாவில் தோய்த்துப் பொரித்து, பாவின் நடுவில் வைத்து, பூண்டும் மிளகாயும் கொப்பரையும் சேர்ந்த உலர்ந்த பொடியைத் தூவித் தருவார்கள். பாவ் ரொட்டி பொதுவாக மைதா, உப்பு, நீர், ஈஸ்ட் ஆகியவற்றால் ஆவது. எனினும் சில ரொட்டிக்கடைகளில் பால் பொடி சேர்ப்பதும் மேலே வெண்ணெய் தடவுவதும் உண்டாதலால், ஒவ்வாமை உடையோர் விசாரித்தே உண்ண வேண்டும். பாவ் பாஜியோ வேறு வகை. அது வெண்ணெயிலேயே பிறந்து வெண்ணெயிலேயே வளர்வது. எண்ணெயில் தனியே செய்து தரச் சொன்னால் சிலர் செய்து தருவர்.

மாலை வேளையில் கடற்கரைக்குப் போனால் கவலையே வேண்டாம். பொரியும் ஓமப்பொடியும் உருளைக்கிழங்கும் புளி, பேரீச்சைச் சட்டினியும் கலந்த பேல்பூரி, சேவ்பூரி, பானிபூரி, பட்டாணிக் குழம்பு ஊற்றிய ரகடா பாட்டீஸ் யாவும் பொதுவாகப் பாலின்றியே அமைந்தவை. தயிர் ஊற்றும் தஹீ பூரி ஒன்றை மட்டும் தவிர்த்தால் போதும். கொங்கணக் கரையின் கொடையான "சோல்கடி"யையும் மறத்தலாகாது. கோகம் என்னும் புளிப்புப் பழத்தின் சாற்றைத் தேங்காய்ப் பாலில் கலந்து செய்யும் இளஞ்சிவப்புப் பானம் அது. மோரில்லாமல் உணவு முடிவதில்லை என்று எண்ணும் நம்மவர் நாவுக்கு, மோர் செய்யும் வேலையை அது செய்துவிடுகிறது. கொங்கண விடுதிகளில் மீனும் சமைப்பார்கள். காய்கறியில் உலர்ந்த இறாலைச் சேர்ப்பதும் உண்டு. ஆகையால் அங்கே அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குஜராத்தி விடுதிகளின் பெருந்தட்டில் எச்சரிக்கை மிகுதியாக வேண்டும். அங்கே ரொட்டிக்கு நெய் பூசாமல் விடுவது உபசாரக் குறைவு என்று கருதுவர். கடி என்னும் குழம்பு மோரால் ஆவது, காண்ட்வியும் அப்படியே, டோக்ளாவில் தயிர் சேர்வது பெரும்பான்மை. குளிர்காலத்தில் கிடைக்கும் உந்தியூ எண்ணெயில் வேகும் காய்கறி வகை. நெய் சேராததைக் கேட்டறிந்து உண்ணலாம்.

இவ்வளவு சுற்றிய பிறகே நம் சொந்த அடுப்பை நினைத்தோம். காலையில் ரப்பர்க் கொம்பை ஒலித்துக்கொண்டு, மிதிவண்டியின் பின்னே பாத்திரங்களை வைத்து இட்டிலியும் வடையும் விற்றுவரும் தமிழரை மும்பைவாசிகள் யாவரும் அறிவர். அவர்களுட் பலர் தாராவியிலிருந்து வருபவர்கள். அவர்கள் தரும் இட்டிலி, உளுந்து வடை, தேங்காய்ச் சட்டினி மூன்றும் பொதுவாகப் பால் கலவாதவை. மாதுங்காவில் 1940-இல் தொடங்கிய கபே மதராஸிலும், 1942-இல் ராம நாயக் தொடங்கிய உடுப்பிச் சாப்பாட்டு விடுதியிலும் இன்றும் கூட்டம் குறையவில்லை. இத்தகைய விடுதிகளில் இட்டிலியும் வடையும் சாம்பாரும் பெரும்பாலும் தடையற்றவை. சாம்பாரின் தாளிப்பை மட்டும் கேட்டுக்கொள்ளலாம். தோசையை எண்ணெயில் வார்க்கச் சொல்ல வேண்டும்; மும்பையில் மைசூர் மசாலா தோசைக்கு வெண்ணெய் தாராளம். பொங்கலும் கேசரியும் நெய்யின்றி இல்லை. ரவா இட்டிலியில் தயிர் உண்டு, அவியலிலும் உண்டு. உப்புமாவும் ரசமும் இடத்துக்கு இடம் மாறும்.

குடிப்பதற்கு இளநீரும் கரும்புச் சாறும் கோகம் சர்பத்தும் உள்ளன. பாலில்லாத தேநீரை மராட்டியில் "கோரா சஹா" என்று கேட்க வேண்டும். டிகாக்ஷனில் வெந்நீரும் வெல்லமும் சேர்த்துப் பருகுவது நம்மவருக்குப் புதிதன்று. கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்த திருநெல்வேலிக்காரர் நம்மிடையே பலர். இனிப்புக்கு வேர்க்கடலைச் சிக்கியும் எள்ளுருண்டையும் உண்டு. அவற்றிலும் சிலர் நெய் தடவுவதால் ஒரு சொல் கேட்பது நலம்.

நனிசைவத்திற்கென்றே அமைந்த புதிய சிற்றுண்டிச்சாலைகளும் பாந்திரா போன்ற பகுதிகளில் தோன்றியுள்ளன. அங்கே கேள்வி கேட்கும் தொல்லை இல்லை. விலைதான் சற்று மிகுதி. என்றேனும் ஒருநாள் செல்லலாம். நாள்தோறும் செல்ல நம் போன்றோர் கைப்பணம் இடங்கொடாது. உடல்நலம் பற்றியும் ஒரு சொல். பி12 என்னும் வைட்டமின் தாவர உணவில் போதிய அளவு கிடைப்பதில்லை. பாலையும் நிரந்தரமாக விட்டவர்கள் மருத்துவரைக் கேட்டு அதற்குரிய மாத்திரையை உட்கொள்ள வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் கீரையும் நம் வீட்டிலேயே இருக்கின்றன.

ஐந்தாம் நாள் மாலை மருமகள் ஊருக்குத் திரும்பினாள். இரவும் பகலும் ரயிலில் செல்லும் அவளுக்கு வழியில் உண்ண என்ன கொடுப்பது என்று நம் இல்லத்தரசி சிறிதும் தயங்கவில்லை. நல்லெண்ணெய் விட்டுப் புளிச்சோறு கிளறினாள். மிளகாய்ப்பொடி தடவிய இட்டிலிகளை வாழையிலையில் மடித்தாள். வறுத்த வேர்க்கடலையை ஒரு பொட்டலம் கட்டினாள். அவற்றைப் பையில் வைக்கும்போதுதான் நமக்கு ஓர் உண்மை உறைத்தது. நெடுந்தூரம் செல்வோருக்கு நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றில், மறுநாளைக்கும் கெடாதிருக்க வேண்டும் என்று கட்டிய பங்கு இதுதான். அதில் பாலும் இல்லை, நெய்யும் இல்லை. நாம் புது வழக்கம் என்று சினந்த ஒன்றுக்குரிய உணவு நம் வீட்டிலேயே, பழைய உணவாக இருந்துவந்திருக்கிறது. முதல் நாள் இரவே கேட்டிருந்தால் அவள் இரண்டு நாட்கள் பட்டினி கிடந்திருக்க வேண்டியதில்லை.

ரயில் நகரும்போது அவள் சன்னலருகே வந்து, "அடுத்த முறை வரும்போது அத்தை சமையலே போதும், மாமா" என்றாள். நேயர்கள் இல்லங்களுக்கும் இத்தகைய விருந்தினர் வருவர். வந்தால், ஏன் உண்பதில்லை என்று கேட்பதற்கு முன்னே, என்ன உண்பாய் என்று கேளுங்கள்.